கடலா, ஏரியா? கெனேசரேத்து நீர்நிலையும் நம் திருமறைத் தமிழும்

விழுப்புரத்திலிருந்து புதுச்சேரிக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், கண்டமங்கலத்தை அடுத்த சிற்றூர் ஒன்றில் லூக்கா நற்செய்தியின் எட்டாம் அதிகாரத்தைக் கொண்டு திருமறை ஆய்வு ஒன்றை நடத்தினோம். முடிவில் முதிய உழவர் ஒருவர் எழுந்தார். "ஐயா, கடலோரத்திலேயே அத்தனை ஊர்கள் இருந்தன என்கிறீர்கள். கடல் தண்ணீர் வாயில் வைக்க உதவாதே. அந்த ஊர்ச் சனங்கள் குடிதண்ணீருக்கு எங்கே போனார்கள்?" என்று கேட்டார். அது உப்புக் கடல் அன்று, நன்னீர் நிறைந்த பெரிய நீர்நிலை, அதன் நீரையே மக்கள் குடித்தனர் என்று விளக்கினேன். அவர் விடவில்லை. "அப்படியானால் ஏரி என்றே எழுதியிருக்கலாமே, கடல் என்று எழுதி எங்களை ஏன் கரையிலேயே நிறுத்திவிட்டார்கள்?" என்றார்.

அவருடைய குறை நியாயமானதா என்று ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். மொழிபெயர்ப்பு பற்றிய நம் திறனாய்வுகள் பெரும்பாலும் கோட்பாட்டுச் சொற்களிலேயே நின்றுவிடுகின்றன. கடவுள், தேவன், இறைவன் என்னும் சொற்களைப் பற்றி ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வாதிட்டிருக்கிறோம். படவையும் வலையையும் கரையையும் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. ஆனால் நற்செய்திகளின் முற்பகுதி நடைபெறும் இடம் கலிலேயாவின் நீர்க்கரை. அந்நீர் எத்தகையது என்பதில் கேட்போர் மயங்கினால், அங்கு வாழ்ந்த மனிதரையும் அவர்கள் காணத் தவறுவர்.

முதலில் நீர்நிலையைக் காண்போம். அது ஏறத்தாழ 21 கிலோமீட்டர் நீளமும், மிக அகன்ற இடத்தில் 12 அல்லது 13 கிலோமீட்டர் அகலமும் உடையது. கண்டமங்கலத்திலிருந்து புதுச்சேரிக் கடற்கரைக்குப் போகும் தொலைவே ஏறத்தாழ அதன் நீளம். பரப்பு 166 சதுர கிலோமீட்டர். மிகு ஆழம் 43 மீட்டர் அளவு. யோர்தான் ஆறு வடக்கே நுழைந்து தெற்கே வெளியேறுகிறது. எர்மோன் மலையின் பனிநீரும் மாரிக்கால மழையும் சேர்ந்து வேனிலின் தொடக்கத்தில் நீர்மட்டத்தை உயர்த்துகின்றன. நீண்ட கோடை அதனை இறக்குகிறது. இவை யாவும் உலகப் பெருங்கடல்களின் மட்டத்திற்கு 200 மீட்டருக்கும் கீழே, ஒரு பள்ளத்தாக்கின் அடியில் நிகழ்கின்றன. மேற்கு மலைகளின் இடைவெளிகளூடாகவும் கிழக்கு மேட்டு நிலத்திலிருந்தும் இறங்கும் காற்று, அந்தக் கிண்ணம் போன்ற பள்ளத்தில் சிறிது நேரத்திற்குள் அலைகளை எழுப்பிவிடும். ஆகவே நன்னீர் என்பதால் அது சாதுவான நீர் என்று எண்ணிவிடலாகாது.

இந்நீர்நிலையை எபிரேயத் திருமறை 'யாம்' என்கிறது. எண்ணாகமம் 34ஆம் அதிகாரத்திலும் யோசுவாவின் நூலிலும் வரும் கின்னரேத் கடல் இதுவே. எபிரேய மொழியில் 'யாம்' என்னும் சொல் மிக அகன்ற பொருளுடையது. மத்தியதரைக் கடலும் யாம், சவக்கடலும் யாம்; சாலொமோனின் ஆலய முற்றத்தில் வெண்கலத்தால் வார்த்து வைக்கப்பட்ட பெரிய நீர்த்தொட்டியும் யாம். கிரேக்கத்தில் எழுதிய மாற்கும் மத்தேயுவும் யோவானும் இவ்வழக்கைப் பின்பற்றித் 'தலாசா', அதாவது கடல், என்றே எழுதினர். லூக்கா ஒருவர் மட்டும் விலகுகிறார். ஐந்தாம் அதிகாரத்தில் இரண்டு இடங்களிலும் எட்டாம் அதிகாரத்தில் மூன்று இடங்களிலும் அவர் ஆளும் சொல் 'லிம்னே'. அது உள்நாட்டு நீர்நிலையைக் குறிக்கும் சொல். கலிலேயாவின் நீரைத் தலாசா என்று அவர் ஓரிடத்தும் எழுதவில்லை. ஆனால் தலாசா என்னும் சொல்லை அறியாதவர் அல்லர் அவர். அப்போஸ்தலர் நடபடிகளின் 27ஆம் அதிகாரத்தில் பவுலின் கப்பல் உடைந்த வரலாற்றை எழுதுகையில் கடலோடிகளின் சொற்களைச் சரளமாகக் கையாளுகிறார். உண்மையான கடலை அறிந்தவர் என்பதாலேயே இதனைக் கடல் என்று எழுத அவருடைய எழுதுகோல் இடங்கொடுக்கவில்லை போலும்.

நம் சபைகளின் ஆராதனையில் இன்றும் வாசிக்கப்படும் பழைய திருப்புதல், 1871இல் ஹென்றி பவர் தலைமையிலான குழுவினர் முடித்த ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்தது. அதில் மாற்குவுக்கும் கடல், லூக்காவுக்கும் கடல். வெளிப்படுத்தின விசேஷத்தில் அதே லிம்னே என்னும் சொல் நெருப்போடு சேர்ந்து வரும்போதும் அது அக்கினிக்கடல் ஆகிறது. ஆகவே இது கைதவறி நேர்ந்த பிழை அன்று. குழுவினர் தெரிந்தே கைக்கொண்ட முறை. 1995இல் வெளிவந்த திருவிவிலியம் இவ்வேறுபாட்டைக் காத்திருக்கிறது: மாற்குவில் கடல் என்றும் லூக்காவில் ஏரி என்றும் அதில் வாசிக்கலாம். ஆயினும் நம் சிற்றூர்ச் சபைகளின் காதில் விழுவது பெரும்பாலும் பழைய திருப்புதலே.

இவ்வினா இன்று எழுந்தது அன்று. மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதிய போர்ஃபிரி என்னும் தத்துவ அறிஞருடையது என்று பலரும் கருதும் ஒரு வாதம், மக்காரியு மக்னேசு என்பவரின் மறுப்பு நூலில் காக்கப்பட்டுள்ளது. அங்கே கடல் என எதுவும் இல்லை, சிறிய ஏரி ஒன்றே உள்ளது. சிறு ஓடங்களில் எளிதில் கடக்கக்கூடிய அந்நீரைக் கடலாக்கி, அதில் புயலையும் கிளப்பி, அற்புதத்தைப் பெரிதாக்கிக் காட்டினர் நற்செய்தியாளர் என்பது அவ்வாதத்தின் சாரம். அது பகைவனின் ஏளனம் என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் அந்த ஏளனம் செய்தவர் நிலநூலை நன்கு கற்றவர். பெருங்கடலை அறிந்த ஒருவர் மாற்குவை வாசிக்கும்போது தோன்றக்கூடிய ஐயமே அது. அவ்வையம் எழாதபடி முன்னதாகவே சொல்லைத் திருத்தி எழுதியவர் லூக்கா.

அப்படியானால் மாற்கு பிழைபட எழுதினாரா? இல்லை என்பதற்கு ஜெர்மானிய அறிஞர் கெர்ட் தைசன் 1985இல் எழுதிய கட்டுரை நல்ல விளக்கம் தருகிறது. தன் ஊர் நீரைக் கடல் என்று அழைப்பவன் அதன் கரையில் வாழ்பவன். மாற்குவின் சொல்லில் கேட்பது கலிலேயக் கரையோர மக்களின் நாட்டுவழக்கு. லூக்காவின் சொல்லில் கேட்பது மத்தியதரைக் கடலைக் கண்டவரின் அளவீடு. இதனை நாம் ஜெர்மனிக்குச் சென்று கற்கவேண்டியதில்லை. விழுப்புரம்–புதுச்சேரி இருப்புப் பாதையில் கண்டமங்கலத்தின் பக்கத்தில் சின்னபாபுசமுத்திரம் என்று ஒரு நிலையம் உண்டு. அங்கே இறங்கிக் கடலைத் தேடுவார் எவரும் இல்லர். ஏரிகளுக்கும் ஏரி சூழ்ந்த ஊர்களுக்கும் சமுத்திரம் என்று பெயரிடுவது தமிழகத்தில் நெடுங்கால வழக்கு. கோடையில் வறண்டு மாடு மேயும் நிலத்தையும் நம் முன்னோர் சமுத்திரம் என்றே அழைத்தனர். அப்பெயரில் உள்ளது பொய் அன்று. தன் நீரின்மேல் ஓர் ஊர் கொண்ட பெருமிதம். மாற்குவின் தலாசாவும் அவ்வகையினதே.

மாற்குவின் சொல்லுக்கு இன்னோர் ஆழமும் உண்டு. செங்கடல் பிளந்த வரலாறும், யோனாவின் கதையும், புயலில் அகப்பட்ட கப்பலோட்டிகளைப் பாடும் 107ஆம் சங்கீதமும் அறிந்தவர்களுக்கு அவர் எழுதுகிறார். காற்றையும் நீரையும் அதட்டும் குரலில், ஆதியில் ஆழங்களை எல்லைப்படுத்தியவரின் குரலை அவர்கள் கேட்கவேண்டும். பன்றிக்கூட்டம் விழுந்து மாளும் இடம் கடலாக இருந்தால்தான் பார்வோனின் சேனை நினைவுக்கு வரும். மாற்குவில் போய் ஏரி என்று எழுதினால் இந்த எதிரொலிகள் யாவும் அடங்கிவிடும். ஆகவே எல்லா இடத்திலும் கடலை அகற்றி ஏரியை வைக்கவேண்டும் என்று வாதிடுவோரோடு நான் உடன்படவில்லை. பழைய திருப்புதலின் மேல் நான் சாட்டும் குறை வேறு. இரண்டு சாட்சிகள் இரண்டு சொற்களால் பேசியிருக்க, அது இருவர் வாயிலும் ஒரே சொல்லைத் திணித்துவிட்டது. இறையியலாளரான மாற்கு காக்கப்பட்டார். இடமறிந்து எழுதிய லூக்கா மறைந்தார்.

இதனால் நேர்ந்த இழப்பை நம் அருளுரைகளில் தெளிவாகக் காணலாம். தமிழில் கடல் என்னும் சொல் தனியே வருவதில்லை. பிறவிக்கடல், துன்பக்கடல் என்று நெடிய சமய மரபு ஒன்றை இழுத்துக்கொண்டே வரும். பிறவியைக் கடலாகவும் இறைவன் திருவடியைத் தோணியாகவும் பாடிய பக்தி மரபில் ஊறிய செவிகள், கலிலேயாக் கடல் என்று கேட்ட அளவிலேயே அதனை உருவகமாக மாற்றிக்கொள்கின்றன. படவு ஆத்துமா ஆகிறது, புயல் சோதனை ஆகிறது, அக்கரை மோட்சம் ஆகிறது. நானும் பல ஆண்டுகள் அப்படியே பிரசங்கித்தவன். அது பயனற்றது என்று சொல்லமாட்டேன். ஆனால் அவ்வுருவகம் முழு இடத்தையும் பிடித்துக்கொண்டபின், இரவெல்லாம் வலைவீசி ஒன்றும் அகப்படாமல் விடியலில் வலை அலசுகிற கூலியாளுக்கு அங்கே இடமில்லாமற் போகிறது. செபெதேயுவின் படவில் கூலியாட்கள் இருந்தனர் என்று மாற்கு குறிப்பாக எழுதுகிறார். கப்பர்நகூமில் ஆயத்துறை இருந்தது. மக்தலா என்பதே கிரேக்கத்தில் தரிக்கேயா என்று வழங்கிய ஊர் எனப் பெரும்பாலோர் கொள்வர். அப்பெயர் மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் தொழிலைச் சுட்டுவது. பிடித்தல், வரி கொடுத்தல், உப்பிடுதல், விற்றல் என்று ஒரு முழுப் பொருளாதாரம் அக்கரையில் இயங்கிற்று. நம் பிரசங்கங்களில் அதன் நாற்றமே வீசுவதில்லை.

அந்த வாழ்க்கையை மீட்டுத் தந்தது, வியப்பாக, நீர்மட்டத்தின் வீழ்ச்சி. 1980களின் நடுப்பகுதியில் வறட்சியால் நீர் வெகுதூரம் உள்வாங்கிற்று. 1986ஆம் ஆண்டின் தொடக்கத்தில், கினோசர் என்னும் கூட்டுப் பண்ணைக் குடியிருப்பைச் சேர்ந்த சகோதரர் இருவர், வெளிப்பட்ட சேற்று நிலத்தில் ஒரு மரப் படவின் விளிம்பைக் கண்டனர். ஷெல்லி வாக்ஸ்மன் என்னும் தொல்லியலாளரின் பொறுப்பில் அது தோண்டி எடுக்கப்பட்டது. நீர் மீண்டும் ஏறிக்கொண்டிருந்ததால் அகழ்வு இரவுபகலாக நடைபெற்றது. ஈரம் ஊறிய மரம் காற்றுப் பட்டால் உதிர்ந்துபோகும் என்பதால், நுரைப் பொருளால் அதனைப் பொதிந்து, நீரில் மிதக்கவிட்டுக் கரைசேர்த்தனர். நீளம் 8 மீட்டருக்குச் சற்று மேல், அகலம் 2.3 மீட்டர், எஞ்சிய உயரம் 1.2 மீட்டர். கரிமக் கணக்கீட்டின்படி கி.மு. முதல் நூற்றாண்டுக்கும் கி.பி. முதல் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது.

சுற்றுலாப் பயணிகளிடம் இதனை இயேசுவின் படவு என்று சொல்லி வருகின்றனர். அதற்குச் சான்று எதுவும் இல்லை, தேவையும் இல்லை. அந்தப் படவில் என் உள்ளத்தைத் தொட்டது அதன் வறுமை. பலகைகள் கேதுரு, சட்டங்கள் கர்வாலி என்று தொடங்கினாலும், ஒட்டும் செருகலுமாக ஏறத்தாழ பன்னிரண்டு வகை மரங்கள் அதில் காணப்படுகின்றன. கிடைத்த துண்டையெல்லாம் வைத்து எவனோ ஒரு தச்சன் அதனைத் திரும்பத் திரும்பப் பழுதுபார்த்திருக்கிறான். இனி ஆகாது என்ற நிலையில், உதவக்கூடிய பகுதிகளைக் கழற்றிக்கொண்டு எஞ்சியதை நீரில் தள்ளிவிட்டிருக்கின்றனர். நல்ல மரம் அரிதாகவும் மனித உழைப்பு மலிவாகவும் இருந்த கரை அது. யோசேபு என்னும் யூத வரலாற்றாசிரியர், தாம் திபேரியாவை ஏமாற்றிப் பணியவைக்க 230 படவுகளைத் திரட்டியதாகவும் ஒவ்வொன்றிலும் நான்கு பேருக்கு மிகாமல் ஏற்றியதாகவும் எழுதுகிறார். கி.பி. 67இல் அதே நீரில் உரோமர் மிதவைகளில் துரத்திச்சென்று மக்களைக் கொன்று குவித்ததையும், நீர் குருதி படிந்து கிடந்ததையும் அவரே பதிவுசெய்துள்ளார். கினோசர்ப் படவின் தாழ்ந்த பக்கங்களை மனத்தில் வைத்துப் புயல் பகுதியை மீண்டும் வாசியுங்கள். அலை உள்ளே ஏறி நிறைத்தது என்பதை நம்புவதற்குப் பெருங்கடல் வேண்டியதில்லை.

அக்கரையிலேயே மீன்பிடித்து வாழ்ந்த மெண்டல் நுன் என்பவரையும் இங்கே குறிப்பிடவேண்டும். ஏன்கேவ் குடியிருப்பைச் சேர்ந்த இம்மீனவர், நீர் தாழ்ந்த ஆண்டுகளிலெல்லாம் கரையை நடந்தே அளந்தார். பழங்கால அலைதடுப்புக் கற்சுவர்கள், படகுத்துறைகள், கல் நங்கூரங்கள், வலைக்குண்டுகள் ஆகியவற்றைத் தேடிக் குறித்தார். அவர் கணக்கில் பதினைந்துக்கு மேற்பட்ட துறைகள் அந்நீரைச் சூழ்ந்திருந்தன. கல்லூரிகளில் நூல்களைப் புரட்டிய நாம் அறியாததை, வற்றிய கரையில் நடந்த ஒரு மீனவர் அறிந்துகொண்டார். நார்நூல் வலைகளைப் பகல் வெளிச்சத்தில் மீன் கண்டுகொள்ளும், அதனால் இரவிலேயே இழுப்பர், விடிந்ததும் அலசி உலர்த்தாவிட்டால் நூல் மக்கிவிடும் என்ற அவருடைய விளக்கம் லூக்கா ஐந்தாம் அதிகாரத்தின் காட்சியோடு அப்படியே பொருந்துகிறது. பேதுரு ஆண்டவருக்கு மறுமொழியாகக் கூறும் சொற்களில் களைப்பு மட்டுமன்று, தொழில் தெரிந்தவன் கொள்ளும் ஐயமும் இருக்கிறது. பட்டப்பகலில் வலையை இறக்கு என்றால் எந்த மீனவனுக்கும் அது வேடிக்கையாகத்தான் தோன்றியிருக்கும்.

வலையைப் பற்றியும் ஒரு சொல். மத்தேயு நான்காம் அதிகாரத்தில் பேதுருவும் அந்திரேயாவும் வீசுவது கிரேக்கத்தில் 'அம்ஃபிப்ளேஸ்ட்ரான்'. தனி மனிதன் தோளில் சுமந்து விசிறி எறியும் வீச்சுவலை. பதின்மூன்றாம் அதிகாரத்து உவமையில் வருவது 'சகேனே'. பலர் கூடிக் கரைக்கு இழுக்கும் கரைவலை. நம் கடற்கரையில் இரண்டுக்கும் தனித்தனிப் பெயர் உண்டு, பயன்படுத்துவோரின் நிலையும் வேறு. திருப்புதலிலோ எல்லாம் வலையே. ஒருவன் தனியே வீசும் வலையிலிருந்து அழைக்கப்பட்டதும், ஊரே சேர்ந்து இழுக்கும் வலை விண்ணரசுக்கு உவமை ஆனதும் வேறுவேறு செய்திகள் அல்லவா? கரைவலையில் வந்தவற்றைப் பிரித்துக் கூடையில் இட்டதும் ஆகாதவற்றை எறிந்ததும் லேவியராகமத்தின் விதிப்படி நடந்தவை. அந்நீரில் செதிலில்லாத கெளுத்தி உண்டு. யூதருக்கு அது விலக்கப்பட்டது. இந்தியாவில் வளர்க்கத் தடைசெய்யப்பட்டிருந்தும் திருட்டுத்தனமாக வளர்க்கப்படும் ஆப்பிரிக்கக் கெளுத்தி அதே இனந்தான். பேதுருவின் மீன் என்று அங்கே பெயர்பெற்றதற்கு உறவான திலேப்பியா 1952இல் இந்தியாவுக்குள் கொண்டுவரப்பட்டது. நம் சந்தைகளில் ஜிலேபிக் கெண்டை என்று கூறுகட்டி விற்கின்றனர். கலிலேய மீன்களின் இனத்தார் நம் ஏரிகளுக்கே வந்து சேர்ந்துவிட்டனர். ஏரி என்னும் சொல்தான் திருப்புதலுக்குள் நுழையவில்லை.

கண்டமங்கலத்திலிருந்து அதிகத் தொலைவில் இல்லாத ஊசுட்டேரியைப் பாருங்கள். ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புடைய அவ்வேரியின் ஒரு பாதி புதுச்சேரி ஆட்சிப் பகுதியிலும் மறுபாதி தமிழகத்து விழுப்புரம் மாவட்டத்திலும் கிடக்கிறது. கெனேசரேத்து அதைப்போல் இருபது மடங்கு. சங்கராபரணி ஆற்றின் நீர் சுத்துக்கேணியிலிருந்து வாய்க்கால் வழியே ஊசுட்டேரிக்கு வருகிறது. 2008இல் புதுச்சேரி அரசு தன் பகுதியைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. பின்னர்த் தமிழக அரசும் தன் பகுதியை அவ்வாறே அறிவித்தது. வடகிழக்குப் பருவமழையில் நிறைந்து, கோடையில் ஒடுங்கி, கரையோரச் சேறு வெடித்துக் கிடப்பதை இப்பகுதி மக்கள் ஆண்டுதோறும் காண்கின்றனர். 2024ஆம் ஆண்டு நவம்பர் முடிவில் ஃபெஞ்சல் புயல் கரைகடந்தபோது மயிலத்திலும் புதுச்சேரியிலும் ஒரே நாளில் ஏறத்தாழ அரை மீட்டர் மழை கொட்டிற்று. ஆறும் ஏரியும் எது எது என்று தெரியாதபடி வெள்ளம் பரவிற்று.

இத்தகைய நிலத்தில் வாழ்பவர்களுக்கு நீர்மட்டம் என்பது நாள்தோறும் உள்ள கவலை. மதகைத் திறக்கச் சொல்லும் பாசனக்காரருக்கும், நீரை நிறுத்திவைக்கச் சொல்லும் மீன்பாசிக் குத்தகைக்காரருக்கும் நேரும் வழக்குகள் எத்தனை! நீர் இறங்கும்போது மீன் எந்த மடுவில் ஒதுங்கும் என்று அவர்களுக்குத் தெரியும். தப்காவின் வெதுவெதுப்பான ஊற்றுகளின் பக்கம் குளிர்காலத்தில் மீன் திரளும் என்று மெண்டல் நுன் சொன்னதை அவர்களிடம் கூறியபோது, நான் பத்து நிமிடம் விளக்க எண்ணியிருந்ததை ஒரு தலையசைப்பில் ஏற்றுக்கொண்டனர். ஆழத்திற்குத் தள்ளிக்கொண்டு போ என்ற கட்டளையில் அவர்கள் உருவகத்தைத் தேடவில்லை. எந்த ஆழம், கரையிலிருந்து எவ்வளவு தூரம் என்று கேட்டனர். இவர்கள் புதுச்சேரிக் கடற்கரையின் கட்டுமரக்காரர் அல்லர். கடல் என்னும் சொல் இவர்களுக்கு வேறொரு சமூகத்தின் தொழிலைக் குறிப்பது. ஏரி என்றிருந்தால் சொந்த ஊர்க் காட்சியாகக் கேட்டிருப்பார்கள். அம்முதியவர் கரையில் நிறுத்தப்பட்டதாகச் சொன்னதன் பொருள் இதுவே.

எனினும் எதிர்வாதத்தையும் நேர்மையாகக் கூறவேண்டும். தமிழில் ஏரி என்பது இயற்கையாக அமைந்த நீர்நிலை அன்று. மனிதர் மண்ணைக் கொட்டிக் கரைகட்டி, மதகும் கலங்கலும் வைத்து, ஆயக்கட்டு வகுத்துக்கொண்டதே ஏரி. 43 மீட்டர் ஆழமும், மலைகள் சூழ்ந்த கரையும் உடைய ஒன்றை ஏரி என்றால், கேட்போர் அதனை முழங்கால் நீராகவும் எண்ணிவிடக்கூடும். புயலுக்கு அஞ்சிய சீடர் கோழைகளாகத் தோன்றுவர். 1871ஆம் ஆண்டுக் குழுவினர் இவ்வாறு எண்ணினரோ இல்லையோ, எண்ணியிருந்தால் அது வலுவான காரணமே.

ஆனால் வரலாறு இவ்வாதத்தைக் கொஞ்சம் கேலிசெய்துவிட்டது. 1932இல், நகராயிம் மின்னிலையத்தின் தேவைக்காக, யோர்தான் வெளியேறும் தெற்கு முனையில் தெகானியாவில் ஓர் அணை கட்டப்பட்டது. அன்றுமுதல் கெனேசரேத்துக்கும் மதகு உண்டு. நீர்மட்டத்தை மனிதர் முடிவுசெய்கின்றனர். 1964இல் இஸ்ரேலின் தேசிய நீர்க்குழாய்த் திட்டம் இயங்கத் தொடங்கி, அந்நீரை மேலேற்றிக் கடற்கரைச் சமவெளிக்கும் தெற்கே பாலைநிலத்திற்கும் கொண்டுசென்றது. அணைக்குக் கீழே யோர்தான் மெலிந்தது, சவக்கடல் தாழ்ந்தது. கடல்மட்டத்திற்குக் கீழ் 208.8 மீட்டர் மேல் எல்லை என்றும், 213 மீட்டர் கீழ் எல்லை என்றும் கோடுகள் வகுத்து, அந்நாட்டுச் செய்தித்தாள்கள் நீர்மட்டத்தை நாள்தோறும் வெளியிட்டன. 2001ஆம் ஆண்டின் இறுதியில் அது 214.87 மீட்டர்வரை தாழ்ந்தது. 2020இன் வேனிலில் மீண்டும் மேல் எல்லையைத் தொடுமளவு உயர்ந்தது. நம் மாவட்ட அலுவலகங்களில் பருவமழைக் காலத்தில் ஏரிகளின் கொள்ளளவு குறித்து ஒட்டப்படும் பட்டியலுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? யோர்தான் நீரில் எவருக்கு எவ்வளவு பங்கு என்ற வழக்கோ அம்மண்ணின் இரத்தக் கறை படிந்த வழக்குகளுள் ஒன்று. ஓர் ஏரியை இரு ஆட்சிகள் பகிர்ந்துகொள்ளும் ஊரில் வாழ்பவர்களுக்கு அதனை நீட்டி விளக்கவேண்டியதில்லை.

அண்மை ஆண்டுகளில் இன்னொன்றும் நடந்திருக்கிறது. மத்தியதரைக் கடலின் நீரை உப்பகற்றி, குழாய்வழியே கொண்டுவந்து, அந்நீர்நிலையின் மட்டத்தைத் தாங்கும்படி அதற்குள் விடத் தொடங்கியிருக்கின்றனர். லூக்கா அத்தனை கவனமாகப் பிரித்துவைத்த தலாசாவும் லிம்னேயும் இப்போது ஒன்றிலொன்று கலக்கின்றன.

என் கோரிக்கை சிறியது. பழைய திருப்புதலின் இசையும் அதன் மேல் நம் மக்கள் கொண்ட பற்றும் எனக்குத் தெரியும். அதனை மாற்றி எழுதுங்கள் என்று கேட்கவில்லை. மறுபதிப்புகளில் லூக்காவின் அந்த ஐந்து இடங்களுக்கும் ஓர் அடிக்குறிப்பு இருக்கட்டும்: இந்நற்செய்தியாளர் இதனைக் கடல் என்று எழுதவில்லை, நன்னீர் நிலை என்றே எழுதினார் என்று. நம் கல்லூரிகளில் பிரசங்கக்கலை கற்பிப்போர், மாற்குவின் புயலையும் லூக்காவின் புயலையும் ஒரே பிரசங்கமாகக் கலக்காதிருக்க மாணவரைப் பழக்கட்டும். ஏரிக்கரைச் சபைகளுக்குச் செல்லும் போதகர், வாசிப்புக்குமுன் அந்நீரைப் பற்றி இரண்டு வாக்கியம் சொல்லட்டும்.

அடுத்த மாதம் அதே ஊருக்குச் சென்றபோது நான் அவ்வாறே செய்தேன். வாசிப்பில் கடல் வந்த இடங்களிலெல்லாம், எவரிடமும் அனுமதி கேளாமல், ஏரி என்று படித்தேன். கூட்டம் முடிந்ததும் அந்தப் பெரியவர் வந்தார். "அந்த ஏரிக்கு மதகு எந்தப் பக்கம், ஐயா?" என்று கேட்டார். தெற்கே என்றேன், ஆண்டவர் காலத்தில் மதகு இல்லை, அது 1932இல் வந்தது என்பதையும் சொன்னேன். சற்று நேரம் எண்ணிப் பார்த்தார். "மதகும் இல்லை, கட்டிய கரையும் இல்லையென்றால் அதை ஏரி என்று எப்படிச் சொல்வது? ஆறு பாய்கிற வழியில் தானாக விழுந்த பள்ளம், பெரிய மடு என்று சொல்லுங்கள்" என்றார். என்னிடம் அதற்கு மறுமொழி இல்லை.